நம்ம புள்ளைக்குப் படிப்பு ஏறலையாம்

போன வருஷம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. கவுண்டரில் நல்ல கூட்டம். ஒரு அம்மாவும் மகளும் வரிசையில் நின்று என் முன்னால் வந்தார்கள். பாஸ்புக்கை உள்ளே தள்ளிவிட்டு அந்த அம்மா கேட்டார்: "சார், எம்பொண்ணு பணம் ஏறிச்சான்னு கொஞ்சம் பாருங்க சார்."

பார்த்தேன். ஏறவில்லை. ஆதிதிராவிடர் நலத்துறை பெண்பிள்ளைகளுக்குத் தருகிற ஊக்கத்தொகை, ஆயிரத்துச் சொச்சம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'அனுப்பியாச்சு' என்கிறார்கள். இங்கே கேட்டால் 'வரலை'. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அந்த அம்மா இதற்காக பேங்குக்கு வருவது மூணாவது தடவை. மூணு நாள் கூலி போச்சு. பஸ் காசு தனி.

நான் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பொண்ணு, ஏழாவது படிக்கிறதாம், பக்கத்தில் ஸ்லிப் எழுதுகிற மேசையருகே நின்றது. ஒரு பெரியவர், "பாப்பா, இத எழுதிக் குடும்மா" என்று பணம் எடுக்கிற சலானை நீட்டினார். எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்து இன்னொருத்தர். அப்புறம் இன்னொரு பாட்டி. பத்து நிமிஷத்தில் நாலு சலான். நாலும் என்னிடம்தான் வந்தன. அடித்தல் திருத்தல் கிடையாது. 'நான்காயிரத்து ஐந்நூறு' என்று இரண்டு ந் போட்டு எழுதியிருந்தது. எங்கள் கிளையில் பட்டம் வாங்கிய ஆட்களே 'ஐநூறு' என்றுதான் எழுதுகிறோம்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "பணம் கெடக்குது வுடுங்க சார். எட்டாவதோட நிறுத்திடலாம்னு இருக்குறோம். வாத்தியாரு கூப்ட்டு சொல்லிட்டாரு. இந்தப் பொண்ணுக்குப் படிப்பு ஏறலையாம்."

பணமும் ஏறலை. படிப்பும் ஏறலை. ஒரே வார்த்தை.

பணம் எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டோம். கொஞ்ச நாள் முன்னால் அவர்கள் தெருவுக்கே மெஷினோடு வந்து, விரல் வைக்கச் சொல்லி, இன்னொரு பேங்கில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தார்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பாஸ்புக் ஒரு பேங்கில், பணம் இன்னொரு பேங்கில். அந்தப் பிள்ளையின் பணம் ஏறத்தான் செய்தது, வேறு இடத்தில். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'படிப்பு ஏறலை' என்பதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். ஆனால் அதைத் தேடுகிற கவுண்டர் எங்கே இருக்கிறது?

*

'படிப்பு ஏறலை' என்கிற வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இதில் வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. ஒரு வருஷமாகக் காலியாகக் கிடக்கிற கணக்கு டீச்சர் போஸ்டிங் இல்லை. இருப்பது ரெண்டே ரெண்டு: படிப்பு, பிள்ளை. படிப்பு தானாக வந்து ஏறப் பார்த்ததாம். பிள்ளையின் மண்டை இடம் கொடுக்கவில்லையாம். 'நான் சொல்லித் தரலை' என்று எந்த வாத்தியாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் தாத்தன் காலத்தில் இதையே வேறு மாதிரி சொன்னார்கள். 'உனக்கெதுக்குடா படிப்பு' என்றார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது. படிக்கவிடாமல் தடுப்பவன் யார் என்று தெரிந்தது. இப்போது தடுப்பவன் மறைந்துகொண்டான். குறையை எடுத்து நம் பிள்ளையின் தலைக்குள் வைத்துவிட்டான். கொடுமை என்னவென்றால் பெற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பொண்ணும் நம்பிவிட்டது. நாலு பேருக்குச் சலான் எழுதிக் கொடுத்த கை, தன் கணக்கில் 'ஏறலை' என்று எழுதிக்கொண்டது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தாழ்த்தப்பட்டோரில் 73. பழங்குடிகளில் 54. இந்த இடைவெளியை எல்லாம் மண்டைக் கோளாறு என்று சொல்ல எவனுக்காவது தைரியம் இருக்கிறதா? வெளிப்படையாகச் சொல்ல மாட்டான். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது சொல்வான்.

*

நமக்குப் பள்ளிக்கூடத்தை யாரும் தானமாகத் தரவில்லை. இதை நம் மாணவத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் பழைய கதை.

1848இல் பூனாவில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். சாதி இந்துக்கள் சாணியும் கல்லும் எறிந்தார்கள். இங்கே, 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டது. பொதுப்பள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டு, அதை அக்ரஹாரத்திலும் ஊர்த் தெருவிலும் கோயில் பக்கத்திலும் வைத்திருந்தால் நம் பிள்ளை எப்படிப் போவான்? அதே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1894இல் அடையாறு பக்கம் ஆல்காட்டின் முதல் இலவசப் பஞ்சமர் பள்ளி வந்தது. அந்தப் பள்ளிகளுக்குப் பின்னால் அயோத்திதாசரின் உழைப்பு இருந்தது. எம்.சி.ராஜா வாத்தியாராக இருந்தவர், பாடப்புத்தகம் எழுதியவர். சட்டசபைக்குப் போனபோதும் கல்வியை விடவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சகஜானந்தர் செய்ததுதான். நந்தனை நெருப்பில் இறக்கிய கதை எந்த ஊரில் நடந்ததாகச் சொல்கிறார்களோ அதே சிதம்பரத்தில், 1916இல், அந்த நந்தன் பெயரிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். கோயிலுக்குள் போக விடாத ஊரில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்தார்.

1920களில் தொழிலாளர் துறை நம் சேரிகளில் பள்ளி திறந்தது. அவைதான் பிற்பாடு அரிஜன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாகி, இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேலே நிற்கின்றன. ஊர்ப் பள்ளி நம்மைச் சேர்க்காததால் சேரிக்குள் வந்த பள்ளிகள் இவை. அவமானத்தின் அடையாளமும் இதுதான், போராடி வாங்கிய உரிமையும் இதுதான்.

2023 பட்ஜெட்டில் இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப் போவதாக அறிவித்தார்கள். நம்மவர்களிலேயே ஒருபக்கம் எதிர்ப்பு, ஒருபக்கம் ஆதரவு. 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு அறிக்கையும் பள்ளிப் பெயரில் இருக்கிற சாதி அடையாளத்தை எடுக்கச் சொன்னது. 2025 ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நான் பெயர் மாற்றத்துக்கு எதிரி இல்லை. சர்டிபிகேட்டில் பள்ளியின் பெயரைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற நாட்டில் அந்தப் பெயர் போவது நல்லதுதான். ஆனால் போர்டு எழுதுகிற பெயிண்டர் ஒரே நாளில் வந்துவிட்டார். கணக்கு வாத்தியார் ஏன் வர மாட்டேன் என்கிறார்? சேர்ப்பதென்றால் அந்தப் பள்ளிகளின் நிலம், பணியிடம், நிதி எல்லாம் நம் பிள்ளைகளுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள். போர்டை எடுக்கிறவர்கள் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்களோ என்கிற பயம் நமக்கு இருப்பது நியாயம்தான். பஞ்சமி நிலம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியாதா?

*

இப்போது வகுப்பறைக்குள் போவோம்.

முதல் பீரியட் தொடங்குவதற்குள்ளேயே நம் பிள்ளை எத்தனை பாடம் படித்துவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கக்கூஸ் கழுவ வேண்டும் என்றால் நம் பிள்ளை. வாத்தியாருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவர வேண்டும் என்றால் நம் பிள்ளை கிடையாது. இந்த ரெண்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். ஆனால் மறக்காது. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் நம் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததற்காக ஒரு தலைமை ஆசிரியை கைதானார். வெளியே வந்தது அந்த ஒன்று. 2018இல் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியைப் பூட்டினார்கள். 2023இல் காலைச் சிற்றுண்டி வந்தபோதும் கரூர் மாவட்டத்தில் அதே கதை. தட்டில் சோறு விழுவதற்கு முன்னாலேயே நம் பிள்ளை, சமைக்கிறவள் தன் அம்மா மாதிரி இருந்தால் அந்தச் சோறு தீட்டு என்று கற்றுக்கொள்கிறது.

2019இல் கையில் சாதிக் கயிறு கட்டி வரக்கூடாது என்று பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு மாணவனைக் கூடப் படிக்கிறவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. 'படிப்பு ஏறலை' என்கிறார்களே, படிப்பு ஏறியதற்குக் கிடைத்த பரிசு இது. ஏறாவிட்டால் மக்கு, ஏறினால் அரிவாள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது படிக்கும்போது, உதவித்தொகைப் படிவத்துக்குக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்து, "எஸ்சி பசங்கள்லாம் எழுந்து நில்லுங்கடா" என்றார். கெட்டவர் இல்லை. நமக்குப் பணம் வாங்கித் தரத்தான் எழச் சொன்னார். எழுந்தோம். பதினோரு பேர். அதுவரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாயைப் பங்கு போட்டுத் தின்ற ஒரு ஊர்க்காரப் பையன், மறுநாள் ரெண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தான். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டுதான் இருந்தான். ஊறுகாய் மட்டும் நின்றுபோனது. அந்த வருஷம் கணக்கில் நான் பெயில். எனக்கும் அப்போது ஏறலை என்றுதான் சொன்னார்கள்.

பிள்ளையின் மனசு வேறு, படிப்பு வேறு என்று பிரிக்கிறார்கள். மனசுக்குக் கவுன்சிலிங், படிப்புக்கு டியூஷன். ஒண்ணுக்குப் போகப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்குப் பின்னம் எப்படி ஏறும்? அந்தப் பள்ளிக்கூடக் கக்கூசுக்குக் கதவு போடுவதும் கணக்குப் பாடம்தான்.

அப்புறம் வீடு. 'வீட்ல படிக்கிற சூழல் இல்ல' என்று உச்சுக் கொட்டுவார்கள். ஆமாம், இல்லை. ஒரே அறை. அதில் சமையல், படுக்கை, டிவி, அப்பனின் குடி, பாட்டியின் இருமல். இதற்குப் பெயர் பண்பாட்டுக் குறை இல்லை. இடக் குறை. அஞ்சு சென்ட் மனைப்பட்டா கேட்டு நாம் தாலுக்கா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்ததும் கல்விப் போராட்டம்தான்.

*

பணத்துக்கு வருகிறேன். என் தொழில் அது. நம் தோழர்களில் பலருக்குப் பணம் பற்றிப் பேசுவது கூச்சம். தத்துவத்தில் இருக்கிற ஆர்வம் பாஸ்புக்கில் இல்லை.

மேல்படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் வந்தது. வைஸ்ராய் கவுன்சிலில் இருந்துகொண்டு அம்பேத்கர் சண்டை போட்டு வாங்கிய காசு. அது உயர் கல்விக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு வேறு திட்டங்கள் உண்டு. சாக்கடை, குப்பை, தோல் என்று ஆபத்தான வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தனியாக உண்டு. காகிதத்தில் எல்லாம் உண்டு. கவுண்டரில் நான் பார்ப்பது வேறு.

பள்ளிக்கூடத்தில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல்: பணம் நிற்கும். அஞ்சு வயசிலும் பதினஞ்சு வயசிலும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கவில்லை: பணம் நிற்கும். கணக்கில் ரெண்டு வருஷம் போட்டதும் இல்லை எடுத்ததும் இல்லை என்றால் அது செயல்படாத கணக்கு. முன்பெல்லாம் இதில் கொடுமை என்னவென்றால், வந்த உதவித்தொகையிலிருந்தே மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் பிடித்துவிடுவோம். ஆமாம், 'பிடித்துவிடுவோம்'. நானும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அறுநூறு ரூபாய் வந்த கணக்கில் முந்நூத்தி சொச்சம்தான் மிச்சம் என்று ஒரு பிள்ளையிடம் சொன்ன வாய் இது.

2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அரசு உதவித்தொகைக்காகத் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்குகளைத் தனியாக வைக்க வேண்டும், ரெண்டு வருஷம் வரவுசெலவு இல்லை என்று அவற்றை முடக்கக் கூடாது. செயல்படாத கணக்கு எதிலும் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக்கூடாது. 2014இலிருந்தே பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்து நடத்தவும் ரிசர்வ் வங்கி வழி விட்டிருக்கிறது. இதெல்லாம் எத்தனை காலனிக்குத் தெரியும்? பேங்குக்குள் வந்தாலே வாட்ச்மேனைப் பார்த்துப் பயந்து செருப்பைக் கழற்றி வைக்கிற நம் பாட்டிக்கு ரிசர்வ் வங்கி உத்தரவை யார் போய்ச் சொல்வது?

தோழர்களே, இது புரட்சி இல்லை என்று நீங்கள் சிரிக்கலாம். ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தெருவில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு காகிதம் பாருங்கள்: சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக். நாலிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றா? ஆதார் எந்த பேங்கில் இணைந்திருக்கிறது? அவ்வளவுதான். ஒரு ஞாயிறு. ஐம்பது அம்மாக்களின் மூணு நாள் கூலி மிச்சம்.

*

இனி நம்மைப் பற்றி.

'கற்பி' என்பதுதான் நம் முழக்கத்தின் முதல் வார்த்தை. சுவரில் எழுதுகிறோம், சட்டையில் அச்சடிக்கிறோம், வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அதன் இலக்கணத்தைக் கவனித்தோமா? 'கல்' என்று அம்பேத்கர் சொல்லவில்லை. 'கற்பி'. சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. படித்து முடித்த உன்னையும் என்னையும் பார்த்துச் சொன்னது. நாம் அதைத் திருப்பி, பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டோம். 'படிங்கடா, படிச்சாத்தான் முன்னேற முடியும்' என்று மைக்கில் பேசிவிட்டு, அதே பிள்ளைகளைப் பரீட்சை வாரத்தில் கொடி கட்டக் கூட்டிப் போகிறோம்.

எங்கள் பக்கம் ஒரு பெரிய பிளக்ஸ் பேனர் அடிக்கிற காசில் ஒரு தெருவுக்கு வருஷம் முழுக்கச் சுண்டலும் நோட்டும் வாங்கலாம். சிலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலைக்காக அடி வாங்கியவர்கள் நாம். கூண்டுக்குள் நிற்கிற நம் தலைவரின் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது, அந்தக் கூண்டுக்கு வெளியே தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து புத்தகம் பிரிக்கிற பிள்ளை எத்தனை பேர் என்றுதான் கேட்கிறேன்.

வேலை கிடைத்ததும் நாமெல்லாம் டவுனுக்குப் போய்விட்டோம். நானும்தான். நம் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு அரசுப் பள்ளியைக் காப்பாற்று என்று கவிதை எழுதுகிறோம். எழுதியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

குற்றவுணர்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் ரெண்டு நண்பர்களும் எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கினோம். முதல் வருஷம் தோற்றோம். ஏன் தோற்றோம் என்றால், எங்களுக்குத் தெரிந்த ஒரே வாத்தியார் எங்களை அடித்த வாத்தியார்தான். அவர் மாதிரியே கத்தினோம். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னோம். முப்பது பேர் வந்த இடத்தில் மூணாவது மாசம் ஒன்பது பேர். ஒரு பையன் நேராகவே கேட்டான்: "அங்கயும் அடி, இங்கயும் அடின்னா எதுக்குண்ணா வரணும்?"

அதற்குப்புறம் மாற்றினோம். முதலில் சுண்டல், அப்புறம் பாடம். பசியோடு வருகிற பிள்ளைக்கு எதுவும் ஓடாது. இருட்டுவதற்குள் பொண்ணுங்க வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும்தான். முதல் அரைமணி யாராவது ஒரு கதையைச் சத்தமாகப் படிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அப்புறம் அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதச் சொன்னோம். 'எங்க ஆயா சொன்னது', 'ஏரியில மீன் புடிச்சது'. பள்ளிக்கூடத்தில் அதைக் கொச்சை என்று சிவப்பு மையில் அடிப்பார்கள். நாங்கள் அடிக்கவில்லை. எழுத்து கைக்கு வந்தபிறகு, பரீட்சைத் தமிழைக் காட்டுவது பெரிய வேலையாக இல்லை. நாலாவது படித்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் ஆறேழு மாசத்தில் படித்தார்கள். ஏறியது, தோழர்களே.

ஆனால் ஒரு விஷயத்தில் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். எங்கள் காலனிக்குப் பின்னால் ஏரிக்கரையில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் போய் அழைத்து வந்தோம். மூணு நாள் வந்தார்கள். நாலாவது நாள் நம் தெருப் பெண் ஒருவர் வந்து, சுண்டல் தட்டை அவர்களுக்குத் தனியாக வைக்கச் சொன்னார். நம் பிள்ளைகளே பாயின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தன. எனக்கு அந்த ஊறுகாய் ஞாபகம் வந்தது. ரெண்டு பெஞ்சு தள்ளிப் போனவன் இப்போது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

சத்தம் போட்டேன். தட்டை மாற்றவில்லை. பாயையும் மாற்றவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பலருக்குப் பழங்குடிச் சாதிச் சான்றே கிடையாது. சான்று இல்லாததால் உதவித்தொகை கிடையாது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி இருளர்களுக்காகச் சங்கம் கட்டி, ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியும் நடத்தினார். அதைத் தெரிந்துவைத்திருக்கிற நாங்கள், எங்கள் பின்வாசல் ஏரிக்கரையில் தோற்றுப் போனோம். அருந்ததியர், இருளர், புதிரை வண்ணார் பிள்ளைகள் உட்கார முடியாத சாயங்கால வகுப்புக்கு 'தலித் கல்வி இயக்கம்' என்று பெயர் வைக்க நமக்கு உரிமை இல்லை. இதை நம் பத்திரிகையில் எழுதக் கூடாது, எதிரிக்குச் சாதகமாகும் என்று ஒரு தோழர் சொன்னார். எழுதாமல் விட்டால்தான் சாதகம்.

*

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சாயங்கால வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாக ஆக்கிவிடாதீர்கள். அரசாங்கத்துக்கு அது ரொம்ப வசதி. 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று வந்தது. மாசம் ஆயிரம் ரூபாய்க்கு நம் தெருப் பொண்ணுங்க பொறுப்போடு சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் முழுச் சம்பளத்துக்கு ஒரு வாத்தியார் செய்ய வேண்டியதை ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சேரிப் பொண்ணு செய்வது சமூகநீதி ஆகாது.

அதனால் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறவன் காலையில் பள்ளிக்கூட வாசலுக்கும் போக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளே பாதிக்கு மேல் படிக்கிற பள்ளியில், குழுவில் நம் அம்மாக்கள் எத்தனை பேர்? கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களா, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா? உட்கார நாற்காலி தருகிறார்களா? போய்ப் பாருங்கள். அங்கே கேட்க வேண்டியவை எளிமையானவை. காலிப் பணியிடம் எத்தனை? கக்கூஸ் கழுவக் கூலிக்கு ஆள் இருக்கிறதா? பெஞ்சு வாரா வாரம் மாறுகிறதா? உதவித்தொகைக் கணக்கை எழுப்பி நிறுத்தாமல் எடுக்கிறீர்களா?

எந்த வாத்தியாராவது 'படிப்பு ஏறலை' என்று சொன்னால், ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "ஐயா, அத எழுதிக் குடுத்துடுங்க. என்ன பாடம் ஏறலை, அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க, எல்லாத்தையும்." அந்தப் பொண்ணின் பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு போட்டுவிட்டு அவள் அம்மாவோடு போய் அப்படித்தான் கேட்டேன். வாத்தியார் எழுதித் தரவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சார் பண்றீங்க?" என்றார். பேங்க்கில் வேலை என்றேன். குரல் மாறிவிட்டது. நாற்காலி வந்தது. அதுவரை அந்த அம்மா நின்றுகொண்டுதான் பேசினார். ரெண்டாவது நாற்காலியை நான்தான் கேட்டு வாங்கினேன்.

பொண்ணு இப்போது எட்டாவது முடிக்கப் போகிறது. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்கூடம், ஆறு கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வரும் ஏப்ரல் 14க்கு வசூல் நோட்டோடு என்னிடம் வருவீர்கள். தருகிறேன். தராமல் இருந்ததில்லை. ஆனால் தருவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். உங்கள் தெருவில் அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன? ஒவ்வொரு பெயராகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ரசீதைக் கிழியுங்கள்.